தொங்கும்போது இறுக்காதே

என் ஒர்க்‌ஷாப் சுவரில் ஆறு வருடமாக இந்த இரண்டு வார்த்தைகள் இருந்தன. சிவப்புப் பெயின்டில், ஒரு முழ உயர எழுத்தில், ஸ்டூல் போட்டு ஏறி நானே எழுதியது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பெரிய தத்துவம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் செல்போனில் படம்கூட எடுத்துக்கொண்டு போனார். தத்துவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஒரு மனிதரைக் குத்திக்காட்ட எழுதியது அது. அந்த மனிதர் என் தங்கை புருஷன்.

விஷயம் இதுதான். காரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் இரும்புக் கை இருக்கும். அது காரின் சட்டத்தோடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ் உண்டு, நம் முழங்கால் மூட்டுக்குள் சவ்வு இருக்கிற மாதிரி. புஷ் மாற்ற வேண்டுமென்றால் காரை லிஃப்டில் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் கடைசி இறுக்கு மட்டும், காரைக் கீழே இறக்கி, அது தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான். அதற்காகவே கடையில் ஆள் இறங்கி நிற்கிற குழி ஒன்று வைத்திருக்கிறேன். அந்தரத்தில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால், காரை இறக்கிய நிமிடத்திலிருந்து உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூன்று மாதமோ மூன்று வருடமோ, ஒரு நாள் கிழியும்.

ஆறு வருடத்துக்கு முன் அப்படித்தான் தபால்காரர் காரில் கிழிந்தது. அவர் வேலையை விட்டு எவ்வளவோ நாளாகியும் தெருவுக்கே அவர் தபால்காரர்தான். என் மீசை கறுப்பாக இருந்த காலத்துக் கார் அவருடையது. புது புஷ் போட்டு மூன்றே மாதத்தில் முன்பக்கம் இடது சக்கரத்தில் 'கடக் கடக்' என்று சத்தத்தோடு திரும்பி வந்தது. எனக்கு வந்ததே கோபம்! தெருவில் எனக்கு 'வெடி' என்று பட்டப்பெயர். சும்மா வைக்கவில்லை.

கடையில் நாங்கள் இரண்டு பேர்தான், நானும் மாப்பிள்ளையும். பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். அதுவரை ஒரு நாளும் நான் அவரை 'நீ' என்று சொன்னதில்லை. அன்றைக்கு நாலு கஸ்டமர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "உனக்கு அது கையா, காலா? தொங்கவிட்டே இறுக்கியிருக்கியேடா!" என்று கத்தினேன். 'டா' போட்டேன். தங்கை புருஷனை.

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, "நான் இல்ல மச்சான்," என்றார்.

"பின்ன நானா?" என்றேன்.

நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் ஸ்பேனரைப் பெட்டியில் வைத்தார். சாயங்காலம் அவர் போன பிறகும் என் ஆத்திரம் அடங்கவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவரில் எழுதினேன். மறுநாள் காலையில் வந்தவர் சுவரைப் பார்த்தார். ஓர் எழுத்தைக்கூட விடாமல் படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் நின்றார். பிறகு தன் ஸ்பேனர் பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனவர்தான். அந்தப் பெட்டியைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

அதோடு என் தங்கையும் வருவதை நிறுத்திக்கொண்டாள். அப்போது அவளுக்குக் கைக்குழந்தை, மூன்று மாதம். என் மனைவியோடு மட்டும் போனில் பேசுவாள். "நாக்குக்கு ஒரு பிரேக் மாட்டுங்க முதல்ல, அப்புறம் ஊர் வண்டிக்கெல்லாம் மாட்டலாம்," என்று என் மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கிற ஆளா? தப்புச் செய்தவர் வந்து பேசட்டும் என்று முறுக்கிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளை ஸ்பேனரைத் தொடுவதையே விட்டுவிட்டுப் பால் வண்டி ஓட்டப் போனார்.

போன வியாழக்கிழமை தபால்காரர் மறுபடியும் வந்தார்.

"வருஷச் சோதனைல அடியெல்லாம் துருன்னு எழுதிட்டாங்க. வலது பக்கம் சத்தம் வேற வருது. இதைப் பாத்துக் குடுத்துட்டீங்கன்னா நான் போற வரைக்கும் ஓடும்."

"நீங்க போறீங்களா, கார் போகுதான்னு பாப்போம்," என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

காரைக் குழி மேல் நிறுத்திவிட்டு விளக்கோடு கீழே இறங்கினேன். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பாக, வழவழவென்று இருந்தது. துருப் பிடிக்காமல் இருக்க அடிக்கிற கறுப்புக் கோட்டிங், ஆறு வருடத்துக்கு முன் நானே அடித்தது. ஸ்க்ரூ டிரைவரால் ஒரு குத்துக் குத்தினேன். அப்படியே உள்ளே போய்விட்டது. கறுப்புத் தோலுக்குக் கீழே தகடு பொரபொரவென்று உதிர்ந்தது. பழைய துருவைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடித்தால் இப்படித்தான், உள்ளேயே இருந்து தின்னும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சுரண்டுகிற பொறுமையெல்லாம் மாப்பிள்ளைக்குத்தான் உண்டு. அவர் போன மறுநாள் கோபத்தில் நான் அப்படியே அடித்து அனுப்பியிருக்கிறேன். அதைப் பார்த்ததுமே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் அதை யார் மேல் போடலாம் என்று என் புத்தி உடனே தேடியது பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். 'அவர் பாட்டுக்கு விட்டுட்டுப் போனதாலதானே' என்று நினைத்தேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

வலது பக்கத்து நட்டில் ஸ்பேனரைப் போட்டு இழுத்தேன். அரைச் சுற்று வந்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம். புஷ்ஷின் உள்குழாய் தானாக ஒரு விரலளவு திரும்பி நின்றது. ஆறு வருடமாக முறுக்கிக் கிடந்தது, விட்டதும் திரும்பிக்கொண்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். ரப்பர் பாதிக்குமேல் கிழிந்திருந்தது.

குழிக்குள்ளிருந்தே கத்தினேன். "பாத்தீங்களா? கேட்டுச்சா சத்தம்? இந்தப் பக்கமும் தொங்கவிட்டே இறுக்கியிருக்காரு உங்க செல்ல மாப்பிள்ளை! நான் அன்னைக்குச் சொன்னப்ப எல்லாரும் என்னைத்தான் கோவக்காரன்னீங்க!"

மேலே தபால்காரர் ஸ்டூலைத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அவருக்கு மாப்பிள்ளை மேல் எப்போதுமே பிரியம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இரண்டு நாள் முன்னால்தான் பஸ் டிப்போவின் ஃபோர்மேன் எனக்குப் போன் செய்திருந்தார். மெக்கானிக் வேலைக்கு மாப்பிள்ளை மனுப் போட்டிருக்கிறாராம், உங்களிடம் பதினோரு வருடம் இருந்தாராமே, ஆள் எப்படி என்று கேட்டார். "கை நல்ல கை. கவனம்தான் பத்தாது," என்று சொல்லி, இந்த புஷ் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று இருந்தது. இப்போது அந்த உறுத்தலும் போயிற்று. பார், உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

வயர் பிரஷ்ஷை எடுத்து போல்ட்டைச் சுற்றியிருந்த கறுப்புக் கோட்டிங்கைத் தேய்த்தேன். துரு பறந்து கண்ணில் விழுந்தது. துடைத்துக்கொண்டு மறுபடியும் தேய்த்தேன். அப்போது தகட்டில் ஒரு கோடு தெரிந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி இறுக்கு யார் போடுகிறார்களோ, அவர்கள் நட்டிலிருந்து தகடு வரைக்கும் பெயின்டில் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். யார் இறுக்கியது என்றும் தெரியும். மாப்பிள்ளைக்கு மஞ்சள். எனக்கு வெள்ளை.

கோடு வெள்ளையாக இருந்தது.

இன்னும் தேய்த்தேன். அழுக்காக இருக்கும், மஞ்சள்தான் வெளுத்திருக்கும் என்று தேய்த்தேன். மண்ணெண்ணெய் நனைத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது இன்னும் வெள்ளையானது. அடுத்த போல்ட்டைச் சுரண்டினேன். அதுவும் வெள்ளை. கடைசியில் கொஞ்சம் வளைத்து இழுப்பது என் கைப் பழக்கம். அந்த வளைவும் இருந்தது.

"என்னய்யா, சத்தத்தையே காணோம்?" தபால்காரர் குனிந்து எட்டிப் பார்த்தார்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில், ஒரே ஆள் போட்ட புஷ். அன்றைக்கு இடது பக்கத்தைக் கழற்றும்போது கோடு என்ன நிறம் என்று பார்த்தேனா? பார்க்கவே இல்லை. சேறு அப்பிக் கிடந்தது. பார்க்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சரியாக இருந்தால் என் வேலை, தப்பாக இருந்தால் அவர் வேலை. என் மனசில் கணக்கு அப்படித்தான் ஓடியது.

குழியிலிருந்து ஏறி வந்து அவர் எதிரே நின்றேன். "இந்த புஷ் போட்ட அன்னைக்கு, முதல் தடவை, வண்டிய எடுக்க நீங்க வந்தீங்களே. மாப்பிள்ளை இருந்தாரா?"

"எங்க இருந்தாரு? நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க. தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்திருக்குன்னு எனக்கு ஸ்வீட் குடுத்தீங்களே! கையெல்லாம் கிரீஸ். அதோடவே குடுத்தீங்க, நானும் தின்னேன்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மதியம் அவரிடமிருந்து போன். "பொண்ணு மச்சான்! நீங்க தாய்மாமன் ஆயிட்டீங்க!" கார் லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் குதித்தேன். சீக்கிரம் கடையை மூடிவிட்டுக் குழந்தையைப் பார்க்க ஓட வேண்டும் என்ற அவசரம். விசில் அடித்துக்கொண்டே எல்லா போல்ட்டையும் அங்கேயே, அந்தரத்திலேயே இறுக்கினேன். அழகாகக் கோடும் போட்டேன்.

"உங்களுக்கு இது தெரியும்ல?" என்றேன். "நான் அவர் மேல கத்தினப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கத்தின கத்துல எனக்கே என் பேரு மறந்து போச்சு," என்றார் தபால்காரர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கு யாரு இறுக்கினான்னு எப்படிய்யா தெரியும்? உங்களுக்குத்தானே தெரியணும்," என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைப் போட்டவனே பாவத்தையும் செய்தவன். கையைக்கூடத் துடைக்காமல் டிப்போவுக்குப் போன் போட்டேன்.

"சார், அந்த புஷ் விஷயம். அதை இறுக்கினது அவர் இல்ல. நான்."

"நீங்களா?" ஃபோர்மேன் சிரித்துவிட்டார். "என்ன சார், அன்னைக்கு அவ்வளவு விளக்கமாச் சொன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். அவர் மேல ஒரு குத்தமும் கிடையாது. பதினோரு வருஷத்துல ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல." அதைச் சொல்லும்போதுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது.

"நேத்தே ஆளைப் போட்டுட்டோமே சார். கடைசியா ரெண்டு பேரு இருந்தாங்க. நீங்க சொன்னதை வெச்சுத்தான் இவரை ஒதுக்கினோம். அடுத்து எப்ப எடுப்பாங்களோ, தெரியாது."

தபால்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "போய்ட்டு வாங்க. நான் கடையைப் பாத்துக்கறேன்," என்றார். எங்கே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தங்கை வீடு இரண்டாவது மாடியில். பத்து நிமிட நடை. ஆறு வருடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை நான் நடக்கவில்லை. கதவைத் தட்டியதும் ஒரு சின்னப் பெண் திறந்தாள். முன்பல் இரண்டு இல்லை. என் தங்கை அந்த வயதில் எப்படி இருந்தாளோ, அச்சு அசல் அதே முகம்.

"யாரு வேணும்?"

"அப்பா இருக்காரா?"

"இருக்காரு. யாரு வந்திருக்காங்கன்னு சொல்லட்டும்?"

தாய்மாமன் என்று சொல்ல வாய் வரவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? "கார் ரிப்பேர் பண்றவர்னு சொல்லும்மா," என்றேன்.

அவள் உள்ளே திரும்பி அப்படியே கத்தினாள். "அப்பா, கார் ரிப்பேர் பண்றவர் வந்திருக்காரு!"

மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து அவளுடைய பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். மடிப்பெல்லாம் ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மச்சான்," என்றார், நேற்றுக்கூட வந்துபோனவனைக் கூப்பிடுகிற மாதிரி.

நான் உட்காரவில்லை. "தபால்காரர் கார் வந்துச்சு மாப்பிள்ளை," என்றேன்.

"வலது பக்கமும் போயிருச்சா?"

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு பக்கமும் ஒரே ஆளு, ஒரே நாள்ல இறுக்கினதுதானே மச்சான். இவ்வளவு நாள் தாங்கினதே பெரிசு."

"வெள்ளைக் கோடு போட்டிருக்கு."

"ம்."

"ஏன் மாப்பிள்ளை சொல்லல? குழந்தை பொறந்த அன்னைக்கு நான் ஆஸ்பத்திரில இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. நான் இல்ல மச்சான்னு சொன்னேன். பின்ன நானான்னு கேட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க." கையிலிருந்த நோட்டை மெதுவாகக் கீழே வைத்தார். "ஆமா, நீங்கதான்னு அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? கடை உங்களது. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். மறுநாள் வந்தா, செவுத்துல எழுதியிருந்தீங்க."

என் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் முடியவில்லை. மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும். டிப்போ போனைச் சொன்னேன். நான் பேசியதை, இன்று திருத்திச் சொன்னதை, ஆள் போட்டாயிற்று என்று அவர்கள் சொன்னதை. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. வேலை போனது அவருக்கு அதுவரை தெரியாது. என் வாயால்தான் போயிற்று, என் வாயால்தான் அவர் தெரிந்துகொண்டார்.

சமையலறை வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. "அண்ணா," என்றாள். "உன் நம்பரை அங்க குடுத்ததே இவர்தான். விசாரிக்க ஒருத்தர் பேரு எழுதணும்னு கேட்டிருந்தாங்க. பால் கம்பெனி மேனேஜர் பேரை எழுதுங்கன்னு நான் சொன்னேன். இவர் கேக்கல. உங்க அண்ணன் கோவக்காரர்தான், ஆனா வேலை விஷயத்துல பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்லி உன் பேரை எழுதினாரு."

அவள் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கையைக் கூப்பினேன். மாப்பிள்ளை சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"அதெல்லாம் வேண்டாம் மச்சான். எனக்கு ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்தச் செவுத்துல இருக்கறதை அழிச்சிருங்க."

"அழிக்க மாட்டேன்," என்றேன். "கீழ என் பேரை எழுதறேன். தொங்கவிட்டு இறுக்கினது இவன்தான்னு ஊரே பாக்கட்டும்."

"பாத்தீங்களா, மறுபடியும் எழுதறேங்கறீங்க." முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "அழிச்சிருங்க மச்சான். இவ இப்பதான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்டா. தெருவுல ஒரு போர்டை விடறதில்ல. என்னைக்காவது அங்க வந்தா அதையும் படிப்பா. யாருக்கு எழுதினதுன்னு கேப்பா. எனக்குன்னு சொல்லவா, உங்களுக்குன்னு சொல்லவா?"

அந்தப் பெண் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டே படியிறங்கினேன். முதல் மாடி திரும்பும்போது மேலே அவள் குரல் கேட்டது. "அம்மா, கார் ரிப்பேர் பண்றவர் ஏன் அழுதாரு?" என் தங்கை என்ன சொன்னாளோ, நிற்காமல் இறங்கிவிட்டேன்.

கடைக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துச் சுவரோரம் போட்டேன். காரைத் தேய்த்த அதே வயர் பிரஷ்தான். நல்ல பெயின்டாகப் பார்த்து அடித்திருந்தேன், லேசில் வரவில்லை. எழுத்துக்கு எழுத்து சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து என் தலையில் கொட்டியது. தபால்காரர் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னய்யா, காரை விட்டுட்டுச் செவுத்தைத் தேய்க்கறீங்க? நல்லாத்தானே இருந்துச்சு. யாருக்கு எழுதினது அது?"

"எனக்குத்தான்," என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நாப்பது வருஷம் தபால் குடுத்திருக்கேன். ஒண்ணுகூட இவ்வளவு லேட்டாப் போய்ச் சேந்ததில்ல," என்றார்.

நான் திரும்பாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். 'இறுக்காதே' இன்னும் முழுசாக இருந்தது.